குடியிருப்புத் தெருவுக்கு ஒரு பார்க்கிங் பர்மிட்: திருப்பூரில் தொடங்கலாம்

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நெருக்கி நிற்கிற எந்தக் குறுக்குத் தெருவுக்குள் நுழைந்தாலும், வீட்டு கேட்டுகளுக்கு வெளியே தார் ரோட்டின் மேல் சில சாமான்கள் கிடக்கும். கால் உடைந்த பிளாஸ்டிக் சேர், மண் நிரப்பிய பெயின்ட் வாளி, ஹாலோபிளாக் கல் இரண்டு. சில வீடுகளில் குறுக்கே நைலான் கயிறே கட்டியிருப்பார்கள். குப்பை என்று நினைத்து அதை ஓரமாக நகர்த்திப் பாருங்கள், உள்ளே இருந்து யாராவது வந்துவிடுவார்கள். அது அந்த வீட்டுக் கார் நிற்கிற இடம். கார் வெளியே போயிருக்கிறது, திரும்பி வரும்வரை அந்த இடம் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

எங்கள் அக்காவைக் கட்டிக்கொடுத்தது அப்படியொரு தெருவில்தான். கல்யாணமான புதிதில் அது வெறும் வீடுகள் இருந்த தெரு. பிறகு ஒவ்வொரு வீடாக மேலே ஒரு மாடி எழும்பியது, கீழ்த்தளம் கம்பெனிக்கு வாடகைக்குப் போனது. இன்றைக்கு ஒரு வீட்டின் கீழே செக்கிங், அடுத்த வீட்டில் அயர்ன், எதிரே பவர் டேபிள் போட்டுத் தைக்கிறார்கள். காலை ஷிப்டு தொடங்குகிற நேரத்துக்கு டூவீலர்கள் வந்து தெருவின் இரண்டு பக்கமும் பல் வரிசைபோல நின்றுவிடும். அதற்கப்புறம் சரக்கு ஏற்றுகிற குட்டியானை வண்டிகள் வரத் தொடங்கும்.

போன முறை நான் அங்கே இருந்தபோது மாமாவின் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. கேட்டுக்கு நேராக ஒரு குட்டியானை நிற்கிறது.

"ஏனுங் தம்பி, வண்டியக் கொஞ்சம் முன்னால போடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோணும்."

"அஞ்சே நிமிசமுங்ணா. ரோலு எறக்கிப்போட்டு எடுத்துக்கறனுங். முன்னாலயும் எடமில்லீங்ணா."

அவர் சொன்னது உண்மை. முன்னாலும் இடமில்லை, பின்னாலும் இடமில்லை. துணி ரோல் ஒவ்வொன்றையும் தோளில் தூக்கி மாடிக்குக் கொண்டுபோகிறார் மனிதர். அவர்மேல் கோபப்பட என்ன இருக்கிறது? அத்தையை மெல்ல நடக்கவைத்து மெயின் ரோடு வரை கூட்டிப் போய் ஆட்டோ பிடித்தோம். முழங்கால் வலியோடு அந்த அம்மா நடந்த தூரம்தான் இந்தப் பதிவை எழுதச் சொல்கிறது.

இப்படிப்பட்ட தெருக்களுக்காகத்தான் குடியிருப்போர் பார்க்கிங் பர்மிட் என்று ஒரு ஏற்பாடு உலகத்தில் பல ஊர்களில் இருக்கிறது. விஷயம் எளிமையானது. ஒரு பகுதியை வரையறுத்து, அந்தத் தெருக்களில் குறிப்பிட்ட நேரத்தில் அங்கே குடியிருப்பவர்கள் மட்டுமே வண்டி நிறுத்தலாம் என்று மாநகராட்சி அறிவிக்கும். குடியிருப்பவர் முகவரியைக் காட்டி, வருடக் கட்டணம் கட்டி, வண்டி எண்ணைப் பதிந்துகொள்வார். விருந்தாளிக்கு ஒருநாள் சீட்டு. மற்றவர்கள் காசு கட்டி மெயின் ரோட்டிலோ பார்க்கிங் கட்டடத்திலோ நிறுத்த வேண்டும். திருப்பூருக்கு இது வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் வேறு ஊரில் இருப்பதை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து வைத்தால் திருப்பூரைக் கெடுத்துவிடும் என்பதும் என் கட்சிதான். இரண்டையும் விளக்குகிறேன்.

முதலில் சட்டம். நம்மில் பலர் கேட்டுக்கு முன்னால் உள்ள ரோடு பாதி நம்முடையது என்ற நினைப்பிலேயே வாழ்கிறோம். சாக்கடைக்கு மேல் சாய்தளம் போட்டு ரோட்டுக்குள் இரண்டடி நீட்டிவிட்டால் அந்த நினைப்பு இன்னும் உறுதியாகிவிடுகிறது. பட்டாவில் அதற்கு ஒரு சதுர அடிகூடக் கிடையாது. ரோடு பொது. வண்டிகள் எங்கே, எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று முடிவு செய்கிற அதிகாரம், 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆவது பிரிவுப்படி மாநில அரசிடமோ அரசு அதிகாரம் கொடுத்த அமைப்பிடமோ இருக்கிறது. உள்ளாட்சியைக் கலந்துகொண்டு செய்ய வேண்டும். அதே சட்டத்தின் 127ஆவது பிரிவு, பொது இடத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிற்கிற வண்டியை இழுத்துக்கொண்டு போக வழி செய்கிறது. ஆக, ஒழுங்குபடுத்துகிற அதிகாரம் ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. அதைத் தெருவுக்குக் கொண்டுவரவில்லை, அவ்வளவுதான்.

அதிகாரம் சும்மா கிடக்கிற இடத்தில் தெருவே ஒரு நீதி நடத்திக்கொள்கிறது. டயரில் காற்றை இறக்கிவிடுவது, பெயின்டில் சாவியால் கோடு கிழிப்பது, சண்டை முற்றினால் போலீஸ் ஸ்டேஷன் வரை போவது. பத்து வருஷம் ஒரே தெருவில் இருந்து, ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் பந்தி பரிமாறிய குடும்பங்கள் ஒரு கார் நின்ற தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

குடியிருப்பவருக்கு முன்னுரிமை கொடுப்பது மற்றவருக்கு அநியாயமில்லையா என்ற கேள்வி பழையது. அமெரிக்காவில் இது உச்ச நீதிமன்றம் வரையே போனது. வாஷிங்டனுக்குப் பக்கத்தில் வர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டனில், கிரிஸ்டல் சிட்டி என்ற அலுவலக வளாகத்தை ஒட்டி அரோரா ஹைலண்ட்ஸ் என்ற குடியிருப்பு. அலுவலகத்துக்கு வருகிறவர்கள் காசு கட்டி நிறுத்த மனமில்லாமல் வீட்டுத் தெருக்களில் காரைப் போட்டுவிட்டுப் போனார்கள். வேலை நாள் பகல்களில் பர்மிட் உள்ள குடியிருப்போர், அவர்களிடம் வேலையாக வருவோர், விருந்தாளிகள் மட்டுமே நிறுத்தலாம் என்று கவுன்டி நிர்வாகம் விதி போட்டது. வேலைக்கு வந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். வர்ஜீனியா நீதிமன்றங்கள் சமத்துவத்துக்கு எதிரானது என்று விதியை ரத்து செய்தன. 1977 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப்போட்டது. நெரிசலையும் புகையையும் சத்தத்தையும் குறைக்க, குடியிருப்பின் நிம்மதியைக் காக்க, உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் என்று வேறுபடுத்துவதை அரசியல் சட்டம் தடுக்கவில்லை என்றது. அந்த வழக்கின் சூழலைப் படித்தால் திருப்பூரின் ராயபுரத்தையும் வாலிபாளையத்தையும் பற்றிப் படிப்பதுபோலவே இருக்கும்.

நம்மவர்கள் தினமும் அனுபவிக்கிற ஒரு உதாரணம் சிங்கப்பூர். அங்கே வீட்டு வசதி வாரியமான எச்.டி.பி. அடுக்குமாடிகளில் இருக்கிற நம் சொந்தக்காரர்களைக் கேளுங்கள், 'சீசன் பார்க்கிங்' பற்றிச் சொல்வார்கள். கார் நிற்பது வாரியத்தின் கார் பேட்டையில், தெருவில் அல்ல. அந்தக் குடியிருப்பில் வசிப்பவருக்கு மாதக் கட்டணம் குறைவு: முதல் காருக்குத் திறந்தவெளி என்றால் 80 வெள்ளி, கூரை உள்ள இடம் என்றால் 110. இரண்டாவது கார் என்றால் 90, 120. தரையில் சிவப்புக் கோடு போட்ட இடங்கள் குறித்த நேரங்களில் சீசன் வைத்திருப்பவருக்கு மட்டும். வெள்ளைக் கோடு எல்லாருக்கும். விருந்துக்குப் போகிற நம்மூர்க்காரர்கூட முதல் நாளிலேயே புரிந்துகொண்டுவிடலாம்.

ஜப்பான் இன்னும் ஒரு படி முன்னே போனது. 1962 சட்டப்படி அங்கே கார் வாங்குகிறவர், வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸ் நிலையத்தில் சான்று வாங்க வேண்டும். சென்னையின் பெருநகரப் போக்குவரத்துக் குழுமமான கும்டா தயாரித்த பார்க்கிங் கொள்கையிலும் வண்டி வாங்குமுன் இடத்துக்குச் சான்று காட்ட வேண்டும் என்ற யோசனை பேசப்பட்டது.

பக்கத்து ஊர் என்று பார்த்தால் பெங்களூருதான் நமக்குப் பாடம். கர்நாடக அரசின் நகர்ப்புறத் தரைவழிப் போக்குவரத்து இயக்ககம் எழுதிய 'பார்க்கிங் கொள்கை 2.0' 2021 தொடக்கத்தில் வெளியானது. குடியிருப்புத் தெருவில் நிறுத்த வருட பர்மிட்: சின்ன கார் 1,000 ரூபாய், நடுத்தர கார் 3,000 முதல் 4,000, பெரிய கார் 5,000. வெளியான அன்றே எதிர்ப்பு. "ரோடு டாக்ஸ் கட்டினோம், சொத்து வரி கட்டுகிறோம், இதற்கும் காசா?" என்ற ஒரே கேள்வி. வருஷங்கள் போயும் அந்தக் குடியிருப்பு பர்மிட் பெரும்பாலும் காகிதத்திலேயே இருக்கிறது. டெல்லியிலும் 2019-ல் வாகன நிறுத்த விதிகள் வந்தன. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி நிறுத்தத் திட்டம் போட வேண்டும், ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் தடையில்லாத வழி இருக்க வேண்டும் என்கின்றன அவை. எழுத்தில் நல்ல விதிகள். நம் நாட்டில் விதி எழுதுவது வரை வந்துவிடுகிறோம், தெருவில் கோடு போடும்போது நின்றுவிடுகிறோம்.

அந்த 'இதற்கும் காசா' கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். ஒரு கார் தெருவோரம் நிற்க ஏறக்குறைய 120 சதுர அடி பிடிக்கும். திருப்பூரில் வரிசையாகக் கட்டிய லைன் வீட்டு அறை ஒன்றின் அளவும் கிட்டத்தட்ட அதுவேதான். அந்த அறையில் புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள் படுத்து எழுந்து சமைத்துச் சாப்பிடுகிறார்கள், மாதாமாதம் ஆயிரக்கணக்கில் வாடகை கொடுக்கிறார்கள். அதே அளவுப் பொது நிலத்தில் ஒரு கார் இரவும் பகலும் இலவசமாக நிற்கிறது. ரோடு டாக்ஸ் ரோட்டில் ஓடுவதற்கு. ஓடாமல் நிற்கிற நிலத்துக்கு அது வாடகை ஆகாது. இலவச பார்க்கிங்கின் செலவைக் கார் இல்லாதவர்களும் சேர்ந்து சுமக்கிறார்கள் என்று நகரத் திட்டமிடல் பேராசிரியர் டொனால்ட் ஷூப் 2005-ல் ஒரு தடிமனான புத்தகமே எழுதினார். லைன் வீட்டுக்காரர்களை ஒருமுறை பார்த்துவிட்டால் அந்தப் புத்தகம் சொல்ல வருவது ஒரே நொடியில் புரிந்துவிடும்.

இப்போது திருப்பூர் ஏன் வேறு மாதிரி ஊர் என்பதற்கு வருகிறேன். இதுதான் முக்கியம்.

வருடத்துக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்கிற ஊர், அந்த வேலையை ஒரே பெரிய கூரைக்குக் கீழே செய்வதில்லை. ஒரு பனியன் பெட்டிக்குள் போகுமுன் எத்தனை படி ஏறி இறங்குகிறது பாருங்கள். நிட்டிங் ஒரு இடம், டையிங் ஒரு இடம், காம்பாக்டிங் வேறொரு இடம். பிரின்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று ஒவ்வொன்றும் ஜாப் ஒர்க்காக வேறு வேறு தெருவில். ஒவ்வொரு படிக்கும் நடுவே ஒரு குட்டியானை. அந்த வண்டி தெருவுக்குள் வரக்கூடாது என்றால் பனியன் நகராது, வாரக் கடைசியில் சம்பளம் வராது. அந்த அயர்ன் கடையும் செக்கிங் டேபிளும் அதே தெருப் பெண்களுக்கு நடந்துபோகிற தூரத்தில் வேலை கொடுக்கின்றன. அமெரிக்கத் தெருவில் வேலைக்கு வந்தவர் வெளியாள். இங்கே வேலையே தெருவுக்குள் இருக்கிறது.

அதனால் திருப்பூர் பர்மிட்டில் முதல் கோடு காருக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு தெருவிலும் இரண்டு வண்டி நிற்கிற அளவுக்கு லோடு ஏற்றி இறக்கும் இடத்தை மஞ்சள் கோடு போட்டு ஒதுக்க வேண்டும். அங்கே யாருடைய காரும் நிற்கக் கூடாது. குட்டியானையும் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. இது இருந்திருந்தால் அன்றைக்கு அந்த டிரைவர் தம்பி எங்கள் கேட்டை மறித்திருக்க மாட்டார்.

அடுத்தது லைன் வீடுகள். பத்து வாசல் வரிசையாக இருக்கிற காம்பவுண்டில் சைக்கிள் நிறுத்தக்கூட இடம் இருக்காது. அவர்கள் டூவீலர் தெருவில்தான் நின்றாக வேண்டும். பர்மிட் என்று வந்தால் சொந்த வீட்டுக்காரர் கையில் சொத்து வரி ரசீது இருக்கும், ஆதாரில் அதே முகவரி இருக்கும். மதுரையிலிருந்தோ தேனியிலிருந்தோ, பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து தைக்கிறவரின் ரேஷன் கார்டும் ஆதாரும் சொந்த ஊர் முகவரியிலேயே இருக்கும். வாடகை ஒப்பந்தம் என்று ஒன்று எழுதியே இருக்க மாட்டார்கள். அவர் அந்தத் தெருவில் ஐந்து வருஷமாக இருந்தாலும் காகிதத்தில் வெளியாள். வீட்டு உரிமையாளரோ கம்பெனியோ கொடுக்கிற ஒரு கடிதமே போதும் என்று விதியில் எழுத வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு டூவீலர் இலவசம். காருக்குக் கட்டணம், இரண்டாவது காருக்கு இரண்டு மடங்குக்கு மேல் கட்டணம். இப்படிச் செய்யாவிட்டால், கார் வைத்திருப்பவர் தெருவை மலிவாகக் குத்தகைக்கு எடுக்கிற திட்டமாகத்தான் இது முடியும். அப்படி ஒரு திட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

வேலைக்கு வருகிறவர்களின் வண்டி நிற்க இடம் காட்டுவது கம்பெனி பொறுப்பு. கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுக்கும்போதே அதற்கும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். பக்கத்தில் காலி சைட் இல்லாத தெரு குறைவு. நாலைந்து கம்பெனிகள் சேர்ந்து ஒரு சைட்டை வாடகைக்கு எடுத்து ஷீட் போட்டுவிட்டால் தெருவில் பாதி காலியாகிவிடும்.

அளவையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். 20 அடித் தெருவில் இரண்டு பக்கமும் கார் நின்றால் தலா ஆறடி போய் நடுவில் எட்டடி மிஞ்சும். தீயணைப்பு வண்டியின் அகலமே சுமார் எட்டடி. பஞ்சும் நூலும் துணியும் அடுக்கி வைத்திருக்கிற ஊர் இது. 2023 ஜூனில் காதர்பேட்டை பனியன் சந்தையில் தீப்பிடித்துக் கடைகள் வரிசையாக எரிந்ததை மறந்திருக்க மாட்டோம். ஆகவே 20 அடித் தெருவில் ஒரு பக்கம் மட்டும்தான் நிறுத்தம். அதற்கும் குறைவான தெருவில் காருக்கு பர்மிட்டே கூடாது. இதில் யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது.

இடத்தை எண்ணிவிட்டுத்தான் பர்மிட் கொடுக்க வேண்டும் என்பதை எங்கள் ஊரான கொமரலிங்கத்தில் இருப்பவர்களுக்கு விளக்க ரொம்ப நேரம் ஆகாது. அமராவதி ஆற்றில் பழைய ஆயக்கட்டுக்கு எட்டு ராஜவாய்க்கால்கள். அதில் ஒன்று கொமரலிங்கம் பெயரிலேயே ஓடுகிறது. ஊர்ப் பெயர் இருக்கிறது என்பதற்காகத் தண்ணீர் எங்களுக்குச் சொந்தமாகிவிடாது. ஆயக்கட்டில் பதிந்த நிலத்துக்குப் பாசன உரிமை உண்டு, அதுவும் முறைப்படி. பதியாத தோட்டத்துக்கு மோட்டார் வைத்து இழுத்தால் கடைமடை காய்ந்துபோகும், அப்புறம் வரப்பில் சண்டை. நாற்பது கார் நிற்கிற தெருவில் நூறு பர்மிட் கொடுத்தாலும் அதுதான் நடக்கும். காசும் கட்டி, இடமும் கிடைக்காமல், மறுபடியும் பெயின்ட் வாளியும் ஹாலோபிளாக்குமாக வந்து நிற்போம்.

கொமரலிங்கத்துக்கே பர்மிட் வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம் என்றுதான் சொல்வேன். எங்கள் பேரூராட்சியில் தேங்காய் லோடு டெம்போவும் கொய்யாப் பெட்டி ஏற்றுகிற வண்டியும் நிற்க இன்னும் களமும் தோட்டமும் இருக்கின்றன. காலையில் மில் பஸ் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். ஓடாத பழைய வண்டிகளைத் தெருவோரத்திலிருந்து அகற்றினாலே போதும், 127ஆவது பிரிவு அதற்கு இருக்கிறது. ஆனால் புதிதாக சைட் பிரிக்கிறவர்களுக்கு இப்போதே சொல்லி வைக்க வேண்டும். வீட்டுக்குள் வண்டி நிற்க இடம் விட்டுக் கட்டுங்கள், அந்த இடத்தில் பிறகு கடை கட்டி வாடகைக்கு விடாதீர்கள். திருப்பூர்த் தெருக்களின் கதை அங்கேதான் ஆரம்பமானது.

வசூலாகிற பணம் எங்கே போகிறது என்பதும் மக்கள் மனதை மாற்றும். மாநகராட்சிப் பொதுக்கணக்கில் கரைந்துபோனால் அது இன்னொரு வரி. அதே தெருவின் நடைபாதைக்கும் தெருவிளக்குக்கும் சாக்கடை மூடிக்கும் செலவாகி, வருடக் கணக்கைத் தெருமுனையில் எழுதி ஒட்டினால் எதிர்ப்பு பாதியாகக் குறையும் என்று நம்புகிறேன். பெங்களூரு கட்டணத்தை முதலில் சொன்னது, கிடைப்பதைச் சொல்லவில்லை. நாம் மஞ்சள் கோட்டையும் ஆம்புலன்ஸ் வழியையும் முதலில் போட்டுக் காட்டி, கட்டணத்தை ஆறு மாதம் கழித்துக் கேட்கலாம்.

திருப்பூர் மாநகராட்சியில் 60 வார்டுகள். எல்லாவற்றிலும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லவில்லை. சம்மதிக்கிற ஒரு வார்டில், நாலு தெருவில், ஒரு வருடம் நடத்திப் பார்க்கட்டும். நகரங்களில் வார்டு குழுவும் பகுதி சபையும் இப்போது சட்டப்படி இருக்கின்றன. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று முதன்முதலாகப் பகுதி சபைகள் தமிழ்நாட்டு நகரங்களில் கூடின. குடிநீர், குப்பை, தெருவிளக்கு பற்றித்தான் அங்கே பெரும்பாலும் பேசுகிறோம். பார்க்கிங்கையும் அங்கேயே பேச வேண்டும்.

இதைப் படிக்கிற திருப்பூர் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பகுதி சபைக்குப் போகுமுன் உங்கள் தெருவின் அகலத்தை ஒரு டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். எத்தனை கார், எத்தனை டூவீலர், எத்தனை லோடு வண்டி என்று ஒரு பகல், ஒரு இரவு எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். லைன் வீட்டிலிருந்து ஒருவரையும் ஜாப் ஒர்க் கம்பெனியிலிருந்து ஒருவரையும் கையோடு கூட்டிப் போங்கள். கவுன்சிலரிடம் மனுவாகக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். கொடுத்த பிறகு என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.